408 வெற்றிகளும் வராத அழைப்பும்: பயிற்சியாளர் எடி ராபின்சனின் வாழ்க்கை

2007 ஏப்ரலில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜில், சட்டமன்றக் கட்டடத்தின் நடு மண்டபத்தில் ஒரு முதியவரின் உடல் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்தது. அவர் ஆளுநராக இருந்தவரல்லர். நீதிபதியோ படைத்தலைவரோ அல்லர். வாரத்துக்குப் பயிரிட்ட ஒரு கறுப்பினக் குடியானவரின் மகன். கல்லூரிக் கால்பந்து அணியொன்றின் பயிற்சியாளர். பெயர் எடி ராபின்சன். ஒரே கல்லூரியில் 57 ஆண்டுகள் பணிபுரிந்து 408 ஆட்டங்களில் வெற்றி பெற்றவர். 1997இல் அவர் ஓய்வுபெற்றபோது, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றில் அவரைவிட அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் எவருமில்லை.

அஞ்சலி நடந்த கட்டடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ராபின்சன் பணியில் இருந்த ஆண்டுகளில் அப்பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணிக்கு ஒன்பது முறை புதிய தலைமைப் பயிற்சியாளரை நியமித்தது. ஒன்பது பேரும் வெள்ளையர். மாநிலத்தின் உயரிய மரியாதையை அவருடைய உடல் பெற்றது. மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பை அவருடைய உழைப்பு பெறவில்லை. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் படிக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

இங்கே கால்பந்து என்று நாம் குறிப்பிடுவது நம் ஊர்களில் ஆடப்படும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அந்நாட்டில் பல்கலைக்கழக அணிகளின் ஆட்டங்களைக் காண ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகள் உள்ளன. பல மாநிலங்களில் அரசு ஊதியப் பட்டியலில் மிக உயர்ந்த சம்பளம் பெறுபவர் ஆளுநர் அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளரே. ஆகவே அந்த நியமனம் விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. பொதுப் பணமும் பொதுப் பதவியும் அதிகாரமும் யாருக்கு என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

வார நிலத்திலிருந்து

ராபின்சன் 1919 பிப்ரவரி 13 அன்று லூசியானாவின் ஜாக்சன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வாரத்துக்கு நிலம் பயிரிட்டவர். தாய் வீட்டுவேலை செய்தவர். அடிமைமுறை ஒழிந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தும், நிலம் வெள்ளையரிடமும் உழைப்பு கறுப்பினத்தவரிடமும் கடன் கணக்கு நில உரிமையாளரின் கையிலும் இருந்த காலம் அது. பின்னர் குடும்பம் பேட்டன் ரூஜுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனாக இருந்தபோதே தான் ஒரு பயிற்சியாளராக வேண்டும் என்று அவர் முடிவுசெய்துகொண்டார்.

கறுப்பின மாணவர்களுக்கான மெக்கின்லி உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, அருகிலிருந்த லேலண்ட் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக் நிலையில் ஆடினார். அவர் வளர்ந்த அதே நகரில் மாநிலப் பல்கலைக்கழகம் இருந்தது. அவருடைய பெற்றோர் செலுத்திய வரியும் அதை நடத்தியது. ஆனால் கறுப்பின மாணவருக்கு அதன் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. அதை அடைத்தது வெறும் வழக்கமன்று, சட்டம்.

1941இல் பட்டம் பெற்று வெளிவந்த ராபின்சனுக்குக் கிடைத்த வேலை, கால்நடைத் தீவன ஆலையொன்றில் மூட்டை தூக்குவது. கூலி மணிக்கு 25 சென்ட். வடக்கு லூசியானாவில் கிராம்ப்ளிங் என்ற ஊரில் இருக்கும் சிறு கறுப்பினக் கல்லூரி ஒன்று பயிற்சியாளரைத் தேடுகிறது என்று உறவினர் ஒருவர் வழியாகத் தெரியவந்தது. கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ் அவரைச் சந்தித்துப் பேசி, வேலைக்கு எடுத்துக்கொண்டார். மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். அப்போது ராபின்சனுக்கு வயது 22. அந்த ஒரு நேர்காணல்தான் அவருடைய வாழ்நாள் பணிக்குப் போதுமானதாக இருந்தது.

ஒருவரே அனைத்துமாய்

கிராம்ப்ளிங்கில் அவருக்குத் துணைப் பயிற்சியாளர்கள் இல்லை, உதவியாளர்களும் இல்லை. ஆடுகளத்தில் புல்லை அவரே வெட்டினார். கோடுகளை அவரே போட்டார். ஆட்டக்காரர்களின் கணுக்கால்களுக்கு அவரே கட்டுப்போட்டார். ஆட்டம் முடிந்ததும் செய்தித்தாளுக்கான குறிப்பையும் அவரே எழுதினார். முதல் பருவத்தில் அவருடைய அணி மூன்று ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றது. அடுத்த ஆண்டான 1942இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. அந்த ஒன்பது ஆட்டங்களிலும் எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

உலகப் போர் காரணமாக 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் கல்லூரி அணி ஆடவில்லை. அப்போது அவர் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி தந்தார். அணியின் முக்கிய ஆட்டக்காரர்களாக இருந்த சகோதரர்களை அவர்களுடைய தந்தை பருத்தி எடுக்க வயலுக்கு அழைத்துக்கொண்டார். ராபின்சன் அந்தத் தந்தையோடு வாதிடவில்லை. அணி முழுவதையும் வயலுக்கு அழைத்துச் சென்று பருத்தி எடுத்து முடித்தார். பிறகு பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டிவந்தார். அறுவடை தவறினால் அந்தக் குடும்பம் எதை இழக்கும் என்பது குடியானவரின் மகனுக்கு எவரும் சொல்லித் தெரியவேண்டியதாக இருக்கவில்லை.

வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும்போது வழியிலுள்ள உணவகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களை உள்ளே விடாது. ஆகவே அணிக்கான ரொட்டித் துண்டுகளை அவர் கட்டி எடுத்துச் செல்வார், பேருந்திலேயே உண்பார்கள். நீர் எடுக்கக்கூடாத கிணறுகளையும் தனிக் குவளைகளையும் அறிந்த நமக்கு இந்தப் பேருந்துப் பயணம் அந்நியமானதன்று.

அறியப்படாதவர் அல்லர்

தகுதி மறுக்கப்படும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் காரணம், அப்படி ஒருவர் இருப்பது எங்களுக்குத் தெரியாது என்பதுதான். ராபின்சனைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை.

1949இல் அவருடைய மாணவர் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து தேசியக் கால்பந்து லீக்குக்குச் சென்ற முதல் ஆட்டக்காரர் அவரே. 1963இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஆட்டக்காரர் தேர்வில், நாட்டின் அனைத்துக் கல்லூரிகளுக்கும் முன்னதாக முதலிடத்தில் அழைக்கப்பட்டவர் கிராம்ப்ளிங்கின் பக் புக்கானன். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகியோர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள். மொத்தத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று தொழில்முறை அணிகளுக்குச் சென்றார்கள். 1968இல் அவருடைய அணி நியூயார்க்கின் யாங்கி அரங்கில் ஆடியது. 1976இல் டோக்கியோவில் ஆடியது.

1954இல் அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1966இல் கால்பந்து எழுத்தாளர்களின் சங்கம், முந்தைய 25 ஆண்டுகளில் கல்லூரிக் கால்பந்துக்குப் பெரும் பங்காற்றியவர் என்று அவரைச் சிறப்பித்தது. 1976இல் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கத்துக்கு அவர் தலைவரானார். அச்சங்கத்தின் உறுப்பினரில் பெரும்பாலோர் வெள்ளையர். தொழிலில் உள்ளவர்கள் தம் சங்கத்துக்கே தலைவராக்கிய ஒருவரைப் பல்கலைக்கழகங்கள் அறியாதிருந்தன என்று கூற இயலாது.

அருகில் நடந்த ஒன்பது நியமனங்கள்

இனி லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பார்ப்போம். 1948இல் கேனல் டின்ஸ்லி. 1955இல் பால் டீட்செல். 1962இல் சார்லஸ் மெக்லெண்டன். 1979ஆம் ஆண்டின் இறுதியில் போ ரைன்; ஓர் ஆட்டத்தைக்கூட நடத்துமுன் அவர் விமான விபத்தில் இறந்துபோக, 1980இல் ஜெர்ரி ஸ்டோவால். 1984இல் பில் ஆர்ன்ஸ்பார்கர். 1987இல் மைக் ஆர்ச்சர். 1991இல் கர்லி ஹால்மன். 1995இல் ஜெர்ரி டினார்டோ.

இவர்களில் டீட்செல் நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பது; அதற்குமுன் அவர் எந்தக் கல்லூரிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. மெக்லெண்டன் அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர். ஸ்டோவால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டக்காரர். ஆர்ச்சர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த துணைப் பயிற்சியாளர். இந்த நால்வரும் தலைமைப் பொறுப்பை முதன்முறையாக அங்கேதான் ஏற்றார்கள். டீட்செல் 1958இல் தேசிய வாகைப் பட்டத்தையே வென்று தந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நியமிக்கப்பட்டவர்கள் தகுதியற்றவர்கள் என்பது எங்கள் வாதமன்று. அவர்களுடைய எதிர்காலத் திறனை நம்பிப் பதவி தரப்பட்டது. ராபின்சனுடைய நிகழ்காலச் சாதனை கணக்கில் வரவில்லை என்பதே எங்கள் வாதம். ஒருவருக்கு நம்பிக்கை போதுமாக இருக்கிறது. மற்றவருக்குச் சான்றும் போதவில்லை.

தொடக்க காலத்தில் காரணம் வெளிப்படையானது. கறுப்பின மாணவரையே சேர்க்காத பல்கலைக்கழகம் கறுப்பினப் பயிற்சியாளரை நியமிக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் அப்பல்கலைக்கழக அணியில் கறுப்பின ஆட்டக்காரர்கள் இடம்பெறத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் ஆறு நியமனங்கள் நடந்தன. ராபின்சன் ஓய்வுபெற்று, அவர் இறக்கும்வரையிலான பத்தாண்டுகளில் மேலும் இருவர் நியமிக்கப்பட்டார்கள். அவர்களும் வெள்ளையரே.

ஆட்டக்காரர் வேண்டும், தலைவர் வேண்டாம்

இனப்பிரிவினை நீங்கியபோது நடந்தது என்ன என்பதை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1967இல்தான் தென்கிழக்குக் கூட்டமைப்பின் கால்பந்து ஆட்டத்தில் முதல் கறுப்பினத்தவர் களமிறங்கினார். சில ஆண்டுகளுக்குள் தென் மாநிலங்களின் பெரிய வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் யாவும் கறுப்பின இளைஞர்களைத் தேடி வரத் தொடங்கின. முன்பு கிராம்ப்ளிங்குக்கு வந்திருக்கக்கூடிய இளைஞர்கள் இப்போது பெரிய அரங்குகளுக்குச் சென்றார்கள். அது அவர்களுடைய உரிமை. அதற்காகவே போராட்டம் நடந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் சென்ற பாதையில் பயிற்சியாளர்கள் அழைக்கப்படவில்லை. உழைப்பு ஒருங்கிணைக்கப்பட்டது; அதிகாரம் ஒருங்கிணைக்கப்படவில்லை.

பள்ளிகளிலும் இதுவே நடந்தது. 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு தென் மாநிலங்களில் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். கறுப்பினப் பள்ளிகளில் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள் இணைந்த பள்ளிகளில் துணைப் பயிற்சியாளர்களாகத் தாழ்த்தப்பட்டார்கள். நாளைய கல்லூரிப் பயிற்சியாளர்கள் உருவாகும் படிக்கட்டு அடியிலேயே உடைக்கப்பட்டது.

இன்னொரு தடை ஆடுகளத்துக்குள்ளேயே இருந்தது. குவாட்டர்பேக் என்பது சிந்தித்து முடிவெடுக்கும் நிலை. பயிற்சியாளர்களில் பலர் இந்நிலையில் ஆடிப் பழகியவர்கள். கறுப்பின இளைஞர் ஒருவர் அந்நிலையில் எவ்வளவு சிறந்தவராயினும், தொழில்முறை அணிக்குச் சென்றதும் ஓடுவதற்கோ தடுப்பதற்கோ உரிய வேறு நிலைக்கு மாற்றப்பட்டார். உடல் அவருடையது, அறிவு வேறொருவருடையது என்ற எண்ணமே இதன் அடிப்படை. இந்த எண்ணத்தைப் பொய்யாக்குவதை ராபின்சன் தம் பணியாகவே எடுத்துக்கொண்டார். ஜேம்ஸ் ஹாரிஸைக் குவாட்டர்பேக்காகவே தொழில்முறைக்கு ஆயத்தப்படுத்தினார். 1969இல் பஃபலோ அணிக்காக ஹாரிஸ் பருவத்தின் முதல் ஆட்டத்தை அந்நிலையில் தொடங்கினார். அடுத்து வந்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரியில் வாஷிங்டன் அணியை வழிநடத்தி சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவர். அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகவும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதல்நிலைப் பிரிவில் இருந்த ஒரு வெள்ளைப் பல்கலைக்கழகம் கறுப்பினத்தவர் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது 1979இல்தான். விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகம் வில்லி ஜெஃப்ரீஸை அழைத்தது. அப்போது ராபின்சன் பணியில் சேர்ந்து 38 ஆண்டுகள் கடந்திருந்தன. 1981இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் டென்னிஸ் கிரீனை நியமித்தது. அந்த அணி அப்போது தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. தென்கிழக்குக் கூட்டமைப்பின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக சில்வெஸ்டர் குரூம் 2003 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் அவர் படித்து ஆடிய அலபாமா பல்கலைக்கழகம் அவரை நேர்கண்டுவிட்டு, வேறொருவரை எடுத்துக்கொண்டது. செழிப்பான இடங்கள் மூடியிருக்க, சரிந்துகிடக்கும் இடங்கள் மட்டும் திறக்கின்றன. அங்கே தோல்வி நேர்ந்தால் அது ஒரு தனிமனிதரின் தோல்வியாக முடிவதில்லை. இனத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

அவருடைய அமைதி

ராபின்சன் போராட்டக்காரர் அல்லர். அமெரிக்கா மீது அவருக்கு இருந்த பற்று ஆழமானது. நாட்டைக் குறைகூறுவதை அவர் விரும்பவில்லை. ஒரே வேலை, ஒரே மனைவி என்று வாழ்ந்ததில் பெருமைப்பட்டார். 1967இல் கிராம்ப்ளிங் மாணவர்கள், கல்லூரியில் விளையாட்டுக்குத் தரப்படும் முதன்மை கல்விக்குத் தரப்படவில்லை என்று போராடினார்கள். மாநில அரசு தேசியக் காவற்படையை அனுப்பியது, மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கால்பந்தின் புகழ் அந்தக் கல்லூரியை உலகுக்குக் காட்டியது உண்மை. அந்தப் புகழின் நிழலில் நூலகமும் ஆய்வகமும் மறக்கப்பட்டன என்று மாணவர்கள் எழுப்பிய கேள்வியும் நியாயமானது. தனிமனிதரின் சாதனையைப் போற்றும்போது இந்தக் கேள்வியை நாம் மறைத்துவிடக் கூடாது.

ஆயினும் அவருடைய அமைதியை இணக்கம் என்று வாசிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தெற்கில் ஓர் அரசுக் கல்லூரியில் ஊதியம் பெற்ற கறுப்பினத்தவர், வெள்ளையர் மட்டுமே நிறைந்த சட்டமன்றம் ஒதுக்கும் நிதியை நம்பி இருந்தவர். அவர் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் அதன் விலையைக் கொடுப்பது அவர் மட்டும் அன்று, கல்லூரியும்தான். கிராம்ப்ளிங்கை விட்டுச் செல்ல அவர் விரும்பியிருக்கமாட்டார் என்று சிலர் வாதிடலாம். விரும்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்பது வாயில்களும் திறந்திருந்து ஒருவர் தம் வீட்டிலேயே தங்குவது வேறு. ஒன்பதும் மூடியிருக்கத் தங்குவது வேறு. முன்னது மட்டுமே தேர்வு.

சாதனையும் அதன் தள்ளுபடியும்

1985 அக்டோபரில், டல்லாஸ் நகரின் காட்டன் பவுல் அரங்கில், ராபின்சன் தம் 324ஆவது வெற்றியைப் பெற்றார். அதுவரை அதிக வெற்றிகளுக்கு உரியவராக இருந்த அலபாமாவின் பேர் பிரையன்டை அன்று அவர் கடந்தார். உடனே ஒரு முணுமுணுப்பு எழுந்தது: ராபின்சன் வென்றது சிறிய கல்லூரிகளை, பிரையன்ட் வென்றது பெரிய பல்கலைக்கழகங்களை, இரண்டும் ஒன்றாகுமா?

இந்த வாதத்தைச் சட்டத்தின் கண்கொண்டு பார்ப்போம். தன் தவற்றிலிருந்து எவரும் ஆதாயம் பெறக்கூடாது என்பது பழமையான சட்டக் கொள்கை. கறுப்பினக் கல்லூரிகளோடு ஆட மறுத்தவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களே. ஒரே மாநிலத்தின் இரண்டு அரசு நிறுவனங்களான லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் கிராம்ப்ளிங்கும் கால்பந்துக் களத்தில் முதன்முதலாகச் சந்தித்தது 2023இல். ராபின்சன் இறந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு. போட்டியை மறுத்தவரே, எங்களோடு போட்டியிடவில்லையே என்று சாதனையைத் தள்ளுபடி செய்வது எவ்வகையில் நேர்மை? பொதுவான அளவுகோல் ஒன்று இருந்தது: இரு தரப்பு ஆட்டக்காரர்களும் சென்றடைந்த தொழில்முறைக் கால்பந்து. அங்கே ராபின்சனின் மாணவர்கள் எவருக்கும் குறைந்தவர்களாக இருக்கவில்லை.

கடைசி ஆண்டுகள் கடினமாக அமைந்தன. தோல்விகள் கூடின. 1996ஆம் ஆண்டின் இறுதியில் அவரை ஓய்வுபெறச் செய்ய நெருக்குதல் எழுந்தது. மக்களும் மாநில ஆளுநரும் அவர் பக்கம் பேசியதால் மேலும் ஒரு பருவம் கிடைத்தது. 1997இல் 78ஆவது வயதில் விடைபெற்றார். 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. தென்மேற்குக் கூட்டமைப்பின் பட்டங்கள் மட்டும் 17. அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அவருடைய மாணவர் டக் வில்லியம்ஸ். மறதிநோயோடு சில ஆண்டுகள் வாழ்ந்து, 2007 ஏப்ரல் 3 அன்று ராபின்சன் காலமானார். அந்த ஆண்டில் முதல்நிலைப் பிரிவில் ஏறத்தாழ 120 பல்கலைக்கழகங்கள் இருந்தன. அவற்றின் ஆட்டக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்சியாளர்களில் கறுப்பினத்தவர் பத்துப் பேர்கூட இல்லை.

சட்டம் எங்கே நின்றது

இன அடிப்படையில் வேலை மறுப்பதைத் தடைசெய்த அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் 1964இல் வந்தது. ஆனால் கல்வி நிறுவனங்களுக்கும் மாநில அரசுகளுக்கும் அதன் வேலைவாய்ப்புப் பகுதி பொருந்தியது 1972ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகே. அதாவது, ராபின்சனின் முதல் 31 ஆண்டுகளில் அந்தச் சட்டம் பல்கலைக்கழக வாயிலைத் தொடவே இல்லை.

தொட்ட பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. 1973இல் மெக்டானல் டக்ளஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாகுபாட்டை மெய்ப்பிக்க முதற்படியாகச் சில கூறுகளை வகுத்தது: வழக்காடுபவர் பதவிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும், தகுதி உடையவராக இருக்க வேண்டும், நிராகரிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தின் கால்பந்து நியமனம் இவ்வாறு நடப்பதில்லை. விளம்பரம் இருந்தாலும் அது சடங்கு. விளையாட்டுத் துறை இயக்குநர் தொலைபேசியில் அழைப்பார். பெருநன்கொடை தரும் புரவலர்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்வார்கள். தேடித்தரும் தனியார் நிறுவனம் மூடிய அறையில் பெயர்ப் பட்டியலைத் தரும். ஆட்சிமன்றக் குழு ஒப்புதல் தரும். அழைக்கப்படாதவர் விண்ணப்பிக்கவில்லை, விண்ணப்பிக்காதவர் நிராகரிக்கப்படவில்லை, நிராகரிக்கப்படாதவருக்கு வழக்கு எளிதில் அமைவதில்லை.

2008 டிசம்பரில் ஆபர்ன் பல்கலைக்கழகம், பஃபலோ அணிக்குக் கூட்டமைப்புப் பட்டத்தை வென்று தந்த டர்னர் கில் என்ற கறுப்பினப் பயிற்சியாளரை நேர்கண்டுவிட்டு, முந்தைய பணியில் ஐந்து வெற்றியும் 19 தோல்வியும் கண்டிருந்த வெள்ளையரான ஜீன் சிசிக்கை நியமித்தது. சிசிக் 2010இல் தேசிய வாகை சூடினார். தோல்வி கண்ட ஒருவருக்கும் மறுவாய்ப்புத் தந்தால் அவர் வெல்லக்கூடும் என்பதற்கு அது நல்ல சான்று. அந்த மறுவாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி.

தொழில்முறை லீக்கில் 2003இல், தலைமைப் பயிற்சியாளர் நியமனத்துக்குமுன் சிறுபான்மையினர் ஒருவரையேனும் நேர்காண வேண்டும் என்ற ரூனி விதி நடைமுறைக்கு வந்தது. 2009இல் ஓரிகன் மாநிலம் அதைப் போன்ற கடமையைத் தன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சட்டமாகவே விதித்தது. நேர்காணலைக் கட்டாயமாக்கினால் கண்துடைப்பு நேர்காணல்கள் பெருகும் என்ற அச்சம் பொய்யன்று. தமக்கு நடந்தவை அத்தகையவை என்று கூறி பிரையன் ஃப்ளோரஸ் 2022இல் தொழில்முறை லீக்கின் மீது வழக்குத் தொடுத்தார். ஆயினும் கண்துடைப்பு நேர்காணலுக்கு ஆவணம் இருக்கும். ஆவணத்தைக் கேள்வி கேட்கலாம். நடக்காத நேர்காணலைக் கேள்வி கேட்க முடியாது.

நமக்கு இதில் என்ன

அமெரிக்க நிறவெறியும் இந்தியச் சாதியமைப்பும் ஒன்றல்ல. ஆனால் தலைமை என்ற இடத்தைக் காக்கும் காவல் இரண்டு நாடுகளிலும் ஒரே மொழியில் பேசுகிறது. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய பல்வங்கர் பாலுவின் பந்துவீச்சு இந்துக்கள் அணிக்குத் தேவைப்பட்டது. அணித்தலைவர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் அப்பதவியை அடைய 1923 ஆகவேண்டியிருந்தது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சமூகத்தினருக்கான பேராசிரியர் பணியிடங்கள், தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியோடு நிரப்பப்படாமல் விடப்படுகின்றன. அந்த வரியை எழுதும் தேர்வுக் குழு, யாரை நேர்கண்டது, எந்த அளவுகோலால் அளந்தது, ஏன் போதவில்லை என்று கருதியது என்பதைப் பெரும்பாலும் பதிவுசெய்வதில்லை.

1980இல் அஜய் ஹாசியா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று கூறியது. நேர்முகத்தில் அளக்கப்படுவது அறிவா, அல்லது நேர்காண்பவரின் முன்முடிவா என்ற ஐயமே அதன் அடிப்படை. பணி நியமனங்களுக்கும், குறிப்பாகத் தலைமைப் பொறுப்புகளுக்கும், அதே ஐயத்தை நாம் நீட்டிக்க வேண்டும். பதவி காலியானது வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். அளவுகோல் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்படாதவர் கேட்டால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். தகுதியானவர் இல்லை என்று முடிவுசெய்யும் குழு, அந்த முடிவுக்கான ஆவணங்களோடு நீதிமன்றத்துக்குப் பதில்சொல்லக் கடமைப்பட வேண்டும்.

ராபின்சனின் வாழ்க்கையைத் தனிமனித உழைப்பின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது எளிது. தீவன ஆலையிலிருந்து சட்டமன்ற மண்டபம் வரை அவர் நடந்த தூரம் வியப்புக்குரியதுதான். ஆனால் அவர் வென்ற 408 ஆட்டங்களின் பக்கத்தில், அவர் அழைக்கப்படாத நியமனங்களின் பட்டியலையும் நாம் வைத்திருக்க வேண்டும். முதல் கணக்கு அவருடைய திறமையைச் சொல்கிறது. இரண்டாவது கணக்குக்கு நிறுவனங்களே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை, இங்கும் அங்கும், எழுத்தில் கேட்டுப் பெறுவதே சட்டத்தின் வேலை.